மழையில் வால்பாறை: முதல் குரூப் ரைடுக்குக் கிளம்பும் புதியவருக்கு

பைக் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நண்பர்கள் வாட்ஸ்அப்பில் குழு தொடங்கி, ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து வால்பாறை என்று முடிவு செய்துவிட்டார்கள். உங்களுக்குப் போக ஆசை, மழையை நினைத்தால் வயிற்றில் புளி கரைக்கிறது. இந்தப் பதிவு உங்களுக்குத்தான். வால்பாறையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். சமவெளி, காடு, 40 கொண்டை ஊசி வளைவுகள், மழை, பனிமூட்டம் எல்லாம் ஒரே நாளில் வரும் பாதை அது. ஏற்காடு, கோத்தகிரி, கொல்லிமலை எங்கே போனாலும் இதே முறைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழையில் தைரியம் தேவையில்லை. குழுவின் வேகம் எதுவாக இருந்தாலும் தன் வேகத்தை விட்டுக்கொடுக்காத பிடிவாதம்தான் தேவை. கீழே சொல்லும் எல்லாமே அந்தப் பிடிவாதத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகள்.

1. போவதற்கு முந்தைய வாரம்: ஈரத்தில் பிரேக் பழகுங்கள்

பலர் டயர், செயின், ரெயின்கோட் எல்லாம் சரிபார்ப்பார்கள். ஈரத் தரையில் தன் வண்டி எப்படி நிற்கும் என்று மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஆள் இல்லாத லேஅவுட் ரோட்டைத் தேடிப் பிடியுங்கள். தார் ரோடாக இருக்க வேண்டும்; மண்ணும் ஜல்லியும் கூடாது.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போய், இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடித்து நிறுத்துங்கள். அப்புறம் 30. அப்புறம் 40. முன் பிரேக் லீவரை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முதலில் லேசாக அழுத்துங்கள். எடை முன்சக்கரத்துக்கு வந்து சேரும். அதன்பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். முன் பிரேக்கைத் தொட்டாலே விழுந்துவிடுவோம் என்ற பயம் நம் ஊரில் பரம்பரைச் சொத்து. வண்டி நேராக இருக்கும்போது படிப்படியாகப் பிடித்தால், ஈரத்திலும் பெரும்பங்கு வேலையைச் செய்வது முன் பிரேக்தான். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் ஆடும்.

உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். ஆனால் பல வண்டிகளில் அது முன்சக்கரத்துக்கு மட்டும் இருக்கும். பின்சக்கரம் பூட்டத்தான் செய்யும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் விரலுக்கடியில் துடிக்கும். பழக்கமில்லாதவர் பயந்துபோய் பிரேக்கை விட்டுவிடுவார். அந்தத் துடிப்பை மலையில் முதன்முறை உணராமல், இங்கேயே உணர்ந்துவிடுங்கள். துடித்தாலும் பிடியை விடக் கூடாது.

இன்னொரு கணக்கு: வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். 40-லிருந்து 60-க்குப் போவது பார்வைக்குச் சின்ன வித்தியாசம். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ இரண்டேகால் மடங்கு. ஈரத்தில் இந்தத் தூரங்கள் எல்லாமே இன்னும் நீளும்.

2. வண்டியும் உடையும்

டயரின் பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும். தேய்மானம் காட்டும் குறி அது. ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் டயரை மாற்றிவிட்டுத்தான் மழைப் பயணம். காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். சேற்றுப் பாதைக்கு வேண்டுமானால் அது சரி; ஈரத் தார் ரோட்டில் தண்ணீரை வெளியே தள்ள, நிறுவனம் சொன்ன அளவு காற்று தேவை.

ரெயின்கோட் மேல்சட்டை, கால்சட்டை என இரண்டு துண்டாக இருக்கட்டும். போர்வை மாதிரி பறக்கும் வகை காற்றில் படபடத்து உங்களைத் தள்ளும், செயினிலும் மாட்டும். வெளிர் நிறமோ பளிச்சென்ற நிறமோ வாங்குங்கள். பனிமூட்டத்தில் கறுப்பு ரெயின்கோட்காரர் கண்ணிலேயே படமாட்டார்.

ஹெல்மெட் வைசரில் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். உள்பக்கம் மூச்சு படிந்து மங்கலாவதுதான் மழையில் பெரிய தலைவலி. வண்டிக் கடைகளில் கிடைக்கும் ஆன்டி ஃபாக் படலம் ஒட்டலாம். இல்லையென்றால் ஒரு சொட்டுத் திரவ சோப்பை உள்பக்கம் தடவி, காய்ந்ததும் மெல்லிய துணியால் தேய்த்து எடுத்தால் சில மணி நேரம் தாங்கும். ஓட்டும்போது வைசரை ஒரு நூலளவு திறந்து வைப்பதும் உதவும்.

கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். இது ஆடம்பரம் இல்லை. நனைந்த கையுறையில் விரல் விறைத்தால் பிரேக்கை அளந்து பிடிக்க முடியாது.

3. கிளம்பும் இடத்தில் கேட்க வேண்டியவை

முந்தைய இரவே வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். கோவை மாவட்ட மலைப்பகுதிக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பயணமே வேண்டாம். மண் சரிவும் மரம் விழுவதும் ஓட்டும் திறமைக்குக் கட்டுப்பட்டவை இல்லை. கோவையில் வெயில் அடிக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கோவை நகரம் காய்ந்திருக்கும், ஆழியாறு தாண்டினால் கொட்டிக்கொண்டிருக்கும். வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று.

காலையில் எல்லோரும் கூடியதும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: "எனக்கு இதுதான் முதல் மழை ரைடு. லீடுக்கு அடுத்து நான் வருகிறேன்." குழுவுக்கு முன்னால் வழிநடத்திப் போகிறவர்தான் லீட். புதியவரைக் கடைசியில் விடுவது பல குழுக்களின் கெட்ட பழக்கம். முன்னால் போகும் வண்டிகள் ஒவ்வொன்றும் வளைவில் தாமதித்து, நேர்ப்பாதையில் விரட்டும்; அந்த இழுபறி கடைசி வண்டிக்கு வரும்போது பெரிதாகியிருக்கும். பின்னால் இருப்பவர் எப்போதும் துரத்திக்கொண்டே இருக்க வேண்டிவரும். லீடுக்கு அடுத்து இருந்தால், லீட் கண்ணாடியில் உங்களைப் பார்த்துத் தன் வேகத்தை வைத்துக்கொள்வார். அதோடு அவர் எந்தக் கோட்டில் வளைகிறார், எங்கே பிரேக் விளக்கு எரிகிறது என்பது உங்களுக்கு இலவசப் பாடம்.

மூன்று விஷயங்களைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். எங்கெல்லாம் நின்று சேர்கிறோம்? பொள்ளாச்சி, ஆழியாறு செக்போஸ்ட், 9-வது வளைவிலுள்ள லோம்ஸ் வியூ காட்சிமுனை, வால்பாறை என்று முன்கூட்டியே தெரிந்தால், மற்றவர் கண்ணில் மறைந்தாலும் பதற வேண்டியதில்லை. கடைசியில் வரும் ஸ்வீப் யார்? அவர் அனுபவசாலியாக இருக்க வேண்டும். யாரையும் விட்டுவிட்டு முன்னே வரக் கூடாது. திருப்பங்களில் என்ன ஏற்பாடு? பாதை பிரியும் இடத்தில் ஒருவர் நின்று, ஸ்வீப் வரும்வரை வழி காட்டுவதுதான் நல்ல முறை.

இந்தக் கேள்விகளுக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம் ப்ரோ" என்று பதில் வந்தால், அந்தக் குழுவோடு மழையில் போகாமல் இருப்பதே மேல்.

4. சமவெளியில்: இடைவெளியைப் பழகுங்கள்

பொள்ளாச்சி வரை அகலமான சாலை. இங்கே குழுவாக ஓட்டும்போது நேர்க்கோட்டில் போகாமல், ஒன்றுவிட்டு ஒன்று இடம் மாறி ஓட்டுவார்கள். லீட் தன் பாதையின் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம், மூன்றாமவர் மீண்டும் வலப்பக்கம். இரண்டு பேர் ஜோடியாகப் பேசிக்கொண்டு போவது இதில் சேராது.

இடைவெளியை நொடியில் அளக்க வேண்டும். முன்வண்டி ஒரு புளியமரத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்குங்கள். உலர்ந்த சாலையில், உங்களுக்கு நேர் முன்னால் அதே கோட்டில் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு நொடியாவது வேண்டும். மழையில் அதை நான்காக்குங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு நொடிக்குப் பதினாறு மீட்டருக்குமேல் ஓடுகிறோம். நான்கு நொடி என்றால் கிட்டத்தட்ட 67 மீட்டர். அவ்வளவு இடம் விட்டால் நடுவில் ஒரு கார் வந்து நுழையும். நுழையட்டும். மறுபடி நான்கு நொடி விட்டுவிடுங்கள்.

கைச் சைகைகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இடக்கையைத் தாழ்த்தி உள்ளங்கையால் கீழே அழுத்தினால் வேகம் குறைக்கச் சொல்கிறார்கள். கையை மேலே தூக்கினால் நிற்கப் போகிறார்கள். காலை ஒரு பக்கம் நீட்டினால் அந்தப் பக்கம் குழி. மழை வலுத்தால் சைகை காட்டவே கையை எடுக்காதீர்கள். பிரேக் விளக்கே போதும்.

5. மழை தொடங்கும் அந்தப் பத்து நிமிடம்

தூறல் விழுந்ததும் சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து வழுக்கும் பூச்சாக மாறும். நன்றாகக் கொட்டி அடித்துக் கழுவிய சாலையைவிடத் தூறல் சாலை ஆபத்து. அந்த நேரத்தில் ஓரமாக நின்று ரெயின்கோட் மாட்டுங்கள். டீக்கடை இருந்தால் ஒரு டீயும் குடிக்கலாம். நனைந்த பிறகு கோட் மாட்டுவதில் அர்த்தமே இல்லை.

மறுபடி கிளம்பியதும் இவற்றின்மேல் கண் இருக்கட்டும்: வெள்ளைக் கோடுகள், வேகத்தடைமேல் பூசிய பெயின்ட், பாலங்களின் இரும்பு இணைப்புகள், உதிர்ந்த இலைக் குவியல், வானவில் நிறத்தில் மின்னும் டீசல் திட்டு. இவற்றைத் தாண்டும்போது வண்டி நேராக இருக்க வேண்டும், ஆக்சிலேட்டரும் பிரேக்கும் அசையக் கூடாது. தேங்கிய தண்ணீருக்குள் என்ன குழி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. முன்னே போன பஸ்ஸின் சக்கரத் தடத்தில் தண்ணீர் குறைவாக இருக்கும், அதிலேயே போங்கள்.

உடம்பையும் அவ்வப்போது சோதியுங்கள். தோள்பட்டை காதைத் தொடும் அளவுக்கு ஏறியிருக்கிறதா? ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களா? முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு கையைத் தளர்த்துங்கள். பிடி இறுகினால், ரோட்டின் சின்னச் சின்ன வழுக்கலைத் தானே சமாளிக்க வண்டிக்கு வாய்ப்பே இருக்காது. பின்சக்கரம் லேசாக நழுவினால் திடீரென்று எதையும் செய்யாதீர்கள். பெரும்பாலும் அதுவே நேராகிவிடும்.

6. கொண்டை ஊசி வளைவுகள்

ஆழியாறு தாண்டியதும் மலையேற்றம் தொடங்கும். வளைவுகளுக்கு எண் போட்டிருப்பார்கள். மாறி மாறிப் போகும் வரிசையை இங்கே கலைத்துவிட வேண்டும். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக, நல்ல இடைவெளியோடு. ஒரு வளைவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை இதுதான். வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். அப்போதே கியரை இறக்குங்கள். ஏற்றமான வளைவில் முதல் அல்லது இரண்டாம் கியர். உள்ளே நுழைந்ததும் கிளட்சைத் தொடாதீர்கள். லேசான, மாறாத ஆக்சிலேட்டரில் வண்டி தானாகச் சுற்றும். தலையைத் திருப்பி, வெளியேறும் இடத்தைப் பாருங்கள். பள்ளத்தையோ தடுப்புச் சுவரையோ பார்த்தால் வண்டியும் அங்கேதான் போகும்.

ஏறும்போது இடப்பக்க வளைவுதான் கஷ்டமானது. உள்ஓரம் செங்குத்தாக இருக்கும், மழைநீரும் ஜல்லியும் அங்கேதான் வழியும். உங்கள் பாதைக்குள்ளேயே சற்று வெளிப்பக்கமாகச் சுற்றுங்கள். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. வலப்பக்க வளைவு அகலமாக இருக்கும் என்பதால் ஆசைகாட்டும். எதிரே பஸ் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கும் என்று நினைத்தே நுழையுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது மலைச்சாலை விதி. அரசு பஸ் பாதி வளைவில் வரும்போது விதியைப் பேசிப் பயனில்லை. வளைவுக்கு முன்பே நின்று அதை விட்டுவிடுங்கள். முன்னால் பஸ் ஏறிக்கொண்டிருந்தாலும் அதன் பின்னாலேயே ஒட்டிப் போகாதீர்கள். வளைவில் அது நின்று பின்வாங்கக்கூடும்.

பின்னால் யாராவது நெருக்கினால் நேர்ப்பாதையில் இடப்பக்கம் ஒதுங்கிக் கையசைத்து முன்னே விடுங்கள். உங்கள் குழுக்காரராக இருந்தாலும் சரி. அடுத்த இடத்தில் நிற்கும்போது அவரிடம் சொல்லிவிடலாம்.

7. பனிமூட்டம்

வால்பாறைக்கு முன்னால் வரும் கவர்க்கல் பக்கம் மேகம் சாலையிலேயே இறங்கியிருக்கும். லோ பீம் மட்டும். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடாதீர்கள். திரும்புகிறீர்களா, நிற்கிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. முன்வண்டியின் சிவப்பு விளக்கையே பிடித்துக்கொண்டு போனால் அவர் தவறினால் நீங்களும் தவறுவீர்கள். இடப்பக்க ஓரக் கோடுதான் வழிகாட்டி. நிற்க வேண்டுமானால் சாலையை விட்டு முழுதாக இறங்க இடம் இருக்கும் இடத்தில் மட்டும்.

வழியில் சிங்கவால் குரங்குகள் தென்படலாம், யானையும் வரலாம். குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். ஷூவுக்குள் அட்டை ஏறியிருக்கிறதா என்று டீக்கடையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. இறக்கம்

ஏறிவிட்டோம் என்ற தெம்பும் களைப்பும் சேர்ந்து வரும் நேரம் இது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விடுவது, பெட்ரோல் மிச்சமென்று இன்ஜினை அணைப்பது இரண்டும் கூடாது. பாதி வேகக்கட்டுப்பாட்டை இன்ஜினே செய்யட்டும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்தால் சூடேறிப் பிடி குறையும். தண்ணீர்க் குழியைத் தாண்டியதும் பிரேக்கை இரண்டு முறை லேசாகத் தொட்டு ஈரத்தை உலர்த்துங்கள்.

உடம்பு நடுங்கினாலோ, அடுத்தடுத்த வளைவுகளில் கோடு பிசகினாலோ ஸ்வீப்பிடம் சொல்லி நின்றுவிடுங்கள். அரைமணி நேரம் காத்திருக்க முகம் சுளிக்கும் குழுவுக்கு அடுத்த முறை போக வேண்டியதில்லை. மாலை இருட்டுவதற்குள் ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டும்படி வால்பாறையிலிருந்து கிளம்பும் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டை நீட்டினால் இது நடக்காது.

9. வீடு வந்ததும்

செயினைத் துடைத்து உலர்ந்தபின் எண்ணெய் போடுங்கள். மறுநாளுக்குத் தள்ளிப்போட்டால் துரு ஏறும். பிரேக் பேடுகளில் மணல் சிக்கியிருந்தால் தண்ணீரடித்துக் கழுவுங்கள். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், ஈரம் ஏறியதும் தாளை மாற்றுங்கள். ஹெல்மெட்டின் உள்துணி கழற்றக்கூடியதாக இருந்தால் அன்று இரவே துவைத்துவிடுவது நல்லது, இல்லையென்றால் அடுத்த ரைடு வரைக்கும் நாற்றம் போகாது.