பிள்ளை இருக்கிற வீட்டில் பீரோவைச் சுவரில் பிடிப்பது எப்படி?

மூடியிருக்கும் பீரோவைத் தள்ளிச் சாய்க்கத்தான் பலம் வேண்டும். கதவு இரண்டையும் திறந்து விட்ட காலி பீரோவைச் சாய்க்க, கதவு நுனியில் 20 கிலோ பிள்ளை ஒன்று தொங்கினாலே போதும்.

நான் திருச்சியில் தச்சு வேலை செய்கிறவன். உறையூர், ஸ்ரீரங்கம், தில்லைநகர் என்று எந்த வீட்டுக்குப் போனாலும் இதைச் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். "நாலு ஆளு சேந்து தூக்கி வெச்ச பீரோ தம்பி, இந்தப் பொடிசு சாய்ச்சிடுமா?" என்று ஒரு பாட்டி கேட்டார். வாயால் பதில் சொல்லாமல் செய்து காட்டினேன். நீங்களும் பார்க்கலாம். பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, பலமான ஆள் ஒருவர் பீரோவின் முன்னால் நின்று இரண்டு கையாலும் தாங்கிக்கொள்ளட்டும். கதவுகளை முழுக்கத் திறந்து, மேல் விளிம்பை ஒரு கையால் மெதுவாக முன்பக்கம் இழுத்துப் பாருங்கள். பின்கால் தரையை விட்டு எழும்புவது தெரியும். அதோடு நிறுத்திவிடுங்கள்.

கணக்கு சுலபம்தான். ஸ்டீல் பீரோ ஆறரை அடி உயரம் இருக்கும். ஆழம் ஒன்றரை அடிக்குச் சற்று அதிகம். கதவைத் திறந்ததும் கதவின் கனம் முழுக்க முன்கால்களைத் தாண்டி வெளியே வந்துவிடுகிறது. அங்கே யார் தொங்கினாலும் முன்கால்தான் அச்சு. டிராயர் வைத்த அலமாரி இதைவிட மோசம். மூன்று டிராயரைத் திறந்து வைத்தால் பிள்ளைக்கு அது படிக்கட்டு. துணி நிரம்பிய டிராயர்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, பிள்ளையும் அதில் ஏறி நின்றால் சாய்வதைத் தவிர அலமாரிக்கு வேறு வழி இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். டிராயர் அலமாரி சாய்ந்து குழந்தைகள் இறந்ததால் 2016-இல் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. 2022 டிசம்பரில் அங்கே இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. 60 பவுண்டு, அதாவது 27 கிலோ வரை எடையுள்ள பிள்ளை ஏறினாலும் சாய்கிறதா என்று சோதித்த பிறகுதான் துணி அலமாரியை விற்க முடியும். நம் ஊரில் பட்டறையில் அடித்த பீரோவுக்கு அந்தச் சோதனையெல்லாம் யார் செய்யப் போகிறார்கள்? நாமேதான் சுவரில் பிடிக்க வேண்டும்.

முதலில் சுவரைப் பாருங்கள்

எல்லோரும் என்னிடம் "எந்த கிளாம்ப் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். கிளாம்ப் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. சுவர் என்ன சுவர் என்பதுதான் விஷயம்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில், பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்று மகள் நியூஜெர்சியிலிருந்து அலமாரியைச் சுவரோடு கட்டும் பெல்ட் செட் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தார். நல்ல பெல்ட். ஆனால் கூடவே வந்த ஸ்க்ரூ எல்லாம் மரத்துக்கானவை. அங்கே சுவருக்குள் மரச்சட்டம் ஓடும். அதைத் தேடிப்பிடித்து ஸ்க்ரூவை நேரே ஏற்றிவிடுவார்கள். நம் செங்கல் சுவரில் அதை முறுக்கினால் பூச்சு உதிரும், அவ்வளவுதான். யூடியூப் பார்த்துச் செய்கிறவர்கள் சுவரைத் தட்டித் தட்டிச் சட்டம் தேடுவதை நானே பார்த்திருக்கிறேன். இல்லாத சட்டத்தை எங்கே தேடுவது? பெல்ட்டை வைத்துக்கொண்டு, ஸ்க்ரூவை மட்டும் மாற்றி, பிளக் (ஓட்டைக்குள் செருகி ஸ்க்ரூ ஏற்றும் பிளாஸ்டிக் குழல்) போட்டுக் கொடுத்தேன்.

சுவர் எதுவென்று தெரியவில்லையா? டிரில் போடும்போது விழும் தூளே சொல்லிவிடும். முதல் அரை அங்குலம் சாம்பல் நிறத்தில் வரும். அது சிமென்ட் பூச்சு. அப்புறம் செங்காவித் தூள் வந்தால் செங்கல், கவலை இல்லை. சாம்பல் தூளே தொடர்ந்து வந்து, பிட் நகர மறுத்து, மெஷின் சூடேறினால் கான்கிரீட். தூணிலோ பீமிலோ மாட்டியிருக்கிறீர்கள். அது நல்ல பிடிதான், ஆனால் ஹாமர் டிரில் வேண்டும். வெளிறிய மாவு போல் தூள் கொட்டி, பிட் வெண்ணெயில் போவது போல் போனால் ஏஏசி பிளாக், அதாவது நுண்துளைகள் நிறைந்த லேசான சிமென்ட் கல். புது அப்பார்ட்மென்ட்களில் இதுதான் அதிகம். அதில் ஹாமரை அணைத்துவிட்டுச் சும்மா சுற்றவிடுங்கள், இல்லையென்றால் ஓட்டை அகலமாகிவிடும். அந்த பிளாக்குக்கென்றே தனி நைலான் பிளக் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். இரண்டு அங்குலம் போவதற்குள் பிட் திடுமென்று உள்ளே பாய்ந்தால் ஹாலோ பிளாக்கின் பொந்து. சாதாரண பிளக் அதற்குள் விழுந்து காணாமல் போகும். பொந்துக்குள் போய் விரிந்து பிடிக்கும் டாகிள் வகை போல்ட் வேண்டும்.

பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் பூச்சே ஒரு அங்குலத்துக்கு மேல் இருக்கும். தூள் நிற்காமல் பொலபொலவென்று கொட்டும். அங்கே நீளமான 10 மி.மீ. பிளக், நீளமான ஸ்க்ரூ. அதுவும் பிடிக்கவில்லை என்றால், என் அப்பா செய்ததுபோலச் சுவரைச் சதுரமாகக் கொத்தி, தேக்குக் கட்டையைச் சிமென்ட் வைத்துப் பதித்து, நன்றாகக் காய்ந்த பிறகு அந்தக் கட்டையில் ஸ்க்ரூ போடலாம்.

டிரில் போடும் முன் இரண்டு விஷயம். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் ஓட்டை போடாதீர்கள். ஒயர் அந்த வழியாகத்தான் ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் என்றால் பைப் எங்கே போகிறது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அந்த அறையின் எம்சிபியை இறக்கிவிட்டு, வேறு அறையிலிருந்து ஒயர் இழுத்து டிரில்லை ஓட்டுங்கள்.

செங்கல் சுவருக்கு 8 மி.மீ. பிட், 8 மி.மீ. பிளக், 75 மி.மீ. நீள ஸ்க்ரூ. ஏன் அவ்வளவு நீளம் என்றால், 50 மி.மீ. பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் முழுதாக உட்கார வேண்டும். பலர் பிளக்கின் வாயைச் சுவர் மட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்க்ரூ ஏறும்போது பிளக் விரியும்; பூச்சுக்குள் விரிந்தால் பூச்சு வெடிக்கும். ஓட்டை போட்டதும் உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுங்கள் (கண்ணை மூடிக்கொண்டு). பிளக்கைச் செருகி, ஒரு பழைய ஆணியை அதன் வாயில் வைத்து லேசாகத் தட்டிப் பூச்சுக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். பிட்டில் எவ்வளவு ஆழம் என்று டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டைக்குக் கீழே பழைய கல்யாணப் பத்திரிகை உறை ஒன்றை ஒட்டிவிட்டால் தூள் முழுக்க அதற்குள் விழும், வீட்டில் திட்டு வாங்க வேண்டாம்.

ஸ்டீல் பீரோ

முதலில் பீரோ ஸ்டாண்ட். ஆங்கிள் ஸ்டாண்டின் மேல் பீரோ சும்மா உட்கார்ந்திருந்தால் அதை ஸ்டாண்டோடு போல்ட் போட்டு முடுக்குங்கள், அல்லது பீரோவைத் தரையில் இறக்கிவிடுங்கள். அப்புறம் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தரை முன்பக்கம் வாட்டமாக இருந்தால் முன்கால்களுக்கு அடியில் ரப்பர் அட்டை கொடுத்து, மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு இம்மி பின்பக்கம் சாய்ந்திருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து ஸ்கர்ட்டிங். தரை ஓரத்து டைல் தடுப்பதால் பீரோ சுவரோடு ஒட்டவே ஒட்டாது, அரை அங்குலம் முக்கால் அங்குலம் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் கிளாம்ப் மட்டும் அந்தரத்தில் நின்றால் ஆட்டத்தில் வளைந்துவிடும். பீரோவின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே அதே கனத்தில் ஒரு மரப்பட்டியைச் சுவரில் அடித்துவிட்டு, அதன் மேல் எல் கிளாம்ப்பை வையுங்கள். ஸ்க்ரூ அந்தப் பட்டியையும் தாண்டிப் போக வேண்டும், அதற்கேற்ற நீளம் எடுங்கள்.

பீரோத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதில் ஸ்க்ரூ நிற்காது. இரும்பைத் துளைக்கும் பிட்டால் மேல்தகட்டின் பின் ஓரத்தில் ஓட்டை போட்டு, 6 மி.மீ. போல்ட் இறக்கி, உள்பக்கம் பெரிய வாஷர் கொடுத்து நட்டு முடுக்குங்கள். நட்டு சாதாரண நட்டாக இருந்தால் போல்ட் முனை மேல்தட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும், பட்டுச்சேலை ஒன்று கிழியும் வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். முனையை மூடிவிடும் தொப்பி நட்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். வெட்டிய விளிம்பில் ஒரு சொட்டு எனாமல் பெயின்ட் வைத்துவிடுங்கள், துரு பிடிக்காது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு கிளாம்ப் கட்டாயம். ஒன்று மட்டும் போட்டால் பீரோ அதைச் சுற்றித் திரும்பும்.

முடிந்ததும் இரண்டு கையாலும் மேல் விளிம்பைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் கூட்டி இழுங்கள். இன்னொருவர் பிளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஸ்க்ரூ தலையைச் சுற்றி மயிரிழை விரிசல் விட்டால்கூட அந்த ஓட்டையை விட்டுவிட்டு நாலு விரல்கடை தள்ளி வேறு போடுங்கள்.

மர அலமாரிக்கு வேலை குறைவு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெட்டியில் வந்து நாமே பூட்டிக்கொள்ளும் அலமாரிகளின் முதுகுப் பலகை 3 மி.மீ. அட்டை. அதில் கிளாம்ப் போட்டால் அட்டை சுவரில் நிற்கும், அலமாரி பிள்ளை மேல் விழும். பக்கப் பலகை அல்லது மேல்பலகை, 18 மி.மீ. கனம் உள்ளதில் பிடியுங்கள். பார்ட்டிகிள் போர்டு என்றால் ஒரே ஓட்டையில் கழற்றிக் கழற்றி மாட்டாதீர்கள், மாவாகிவிடும். கூட வரும் பிளாஸ்டிக் பெல்ட்டை நான் நம்புவதில்லை, நாளானால் நொறுங்கும். இரும்பு ஆங்கிள் மலிவு, அதையே போடுங்கள்.

வாடகை வீடு

"ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார்" என்பதுதான் அதிகம் கேட்கிற பதில். காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள், பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். காலி செய்யும்போது பட்டி வைத்து அடைத்தால் 8 மி.மீ. ஓட்டை இருந்த இடமே தெரியாது. பிடிவாதமாக மறுத்தால், உயரமான அலமாரியைப் பிள்ளை தூங்காத, விளையாடாத அறைக்கு மாற்றி அந்த அறையைப் பூட்டி வையுங்கள். பீரோவை எப்போதும் சாவி போட்டுப் பூட்டி, சாவியை எடுத்துவிடுங்கள். கதவு திறக்காத பீரோ பாதி ஆபத்துதான். இரட்டைப் பக்க டேப் ஒட்டிவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சொந்த வீடோ வாடகையோ, பீரோ மேலே இருப்பதை இறக்குங்கள். பிள்ளைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று பொம்மையையும் பிஸ்கட் டின்னையும் டிவி ரிமோட்டையும் நாம்தான் மேலே வைக்கிறோம். பிள்ளை ஏறுவது அதற்காகத்தான். பித்தளைப் பாத்திரம், குத்துவிளக்கு போன்ற கனமானவை கீழ்த்தட்டுக்கு, துணி மேல்தட்டுக்கு.

டிவியைச் சுவரில் மாட்டிவிடுவது நல்லது. மேசையில்தான் வைக்க வேண்டுமென்றால் முதுகில் இருக்கும் நான்கு ஓட்டைகளில் மேல் இரண்டில் பட்டை கட்டிச் சுவரோடு இழுத்துப் பிடியுங்கள். மேசை விரிப்பு தொங்கக் கூடாது. இன்னும் பழைய பிக்சர் டியூப் டிவி வைத்திருப்பவர்கள் அதைத் தரையில் இறக்கிவிடுங்கள்; அதன் கனமெல்லாம் கண்ணாடிப் பக்கம்தான் இருக்கும், முன்னால்தான் கவிழும்.

ஃப்ரிட்ஜுக்குச் சக்கர ஸ்டாண்ட் வைத்திருந்தால் சக்கரத்தைப் பூட்டுங்கள். அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் ஸ்டெபிலைசர் சுவருக்குப் போகட்டும். நிறைந்த சிலிண்டர் 30 கிலோ வரும், தள்ளு ட்ரேயில் வைத்துப் பிள்ளைக்கு வண்டி ஆக்காதீர்கள். சுவரில் சாத்தி வைக்கும் எல்லாமே சந்தேகத்துக்குரியவைதான்: மடக்குக் கட்டில், பிளைவுட் பலகை, மிச்சமான கிரானைட் துண்டு, அம்மிக் குழவி. படுக்க வைக்க முடிந்ததைப் படுக்க வையுங்கள், மற்றதைக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டுங்கள்.

வாசலில் தள்ளு கேட் இருந்தால் அதையும் பாருங்கள். தண்டவாளத்தின் இரண்டு முனையிலும் தடுப்பு வெல்டிங் செய்திருக்க வேண்டும், மேலே பிடிக்கும் உருளை ஆடக் கூடாது. தடுப்பு இல்லாத கேட்டைப் பிள்ளைகள் வேகமாகத் தள்ளினால் அது தண்டவாளத்தைத் தாண்டி அப்படியே படுத்துவிடும். இது வெல்டர் வேலை, ஒரு மணி நேரம் ஆகாது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பெயின்டர் பீரோவை நகர்த்த கிளாம்ப்பைக் கழற்றுவார். ஸ்க்ரூவையும் தொப்பி நட்டையும் ஒரு கவரில் போட்டு பீரோவுக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். அவர் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் திரும்ப மாட்டச் சொல்லி, நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.