குரெனாய்: பூவிலிருந்து ஜப்பானியச் சிவப்பை எடுப்பது எப்படி

ஜப்பானில் குரெனாய் என்றால் நல்ல அடர்ந்த சிவப்பு. ஆனால் பெயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நீலச் சாயம் தரும் அவுரி இருக்கிறது! குரே நோ ஆய், அதாவது ‘குரேயின் அவுரி’. குரே என்பது சீனத்தின் வூ நாடு. ஆய் என்றால் அவுரிதான், ஆனால் இந்தப் பெயரில் அது பொதுவாகச் சாயம் என்ற பொருளில் நிற்கிறது, ஆக ‘சீனத்துச் சாயம்’, அவ்வளவுதான்.

அந்தச் சாயம் குசும்பாப்பூவில் இருக்கிறது. ஜப்பானின் யமகதா மாநிலத்தில் ஜூலை மாதம், பனி ஈரத்தில் முள் கொஞ்சம் மெத்தென்று இருக்கும் விடிகாலையிலேயே இதைப் பறித்துவிடுவார்கள்.

சரி, செய்முறைக்கு வருவோம். காய்ந்த இதழ் 100 கிராம், 50 கிராம் எடையில் வெள்ளைப் பருத்தித் துணி போதும். இதழை மெல்லிய பையில் கட்டி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் பிழிந்தால் மஞ்சளாகக் கொட்டும், அது நமக்கு வேண்டாம். தண்ணீரை மாற்றி மாற்றிக் கசக்குங்கள், கிட்டத்தட்ட தெளியும் வரைக்கும். கை வலிக்கும், ஆனால் இங்கே அவசரப்படவே கூடாது.

அப்புறம்தான் இதழிலிருந்து சிவப்பைப் பிரித்தெடுக்கும் காரம் (அல்கலி). ஜப்பானில் வைக்கோல் சாம்பலைக் கரைத்து வடித்த தெளிவை ஊற்றுவார்கள், அது இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சலவை சோடா. கையுறை போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பிசைந்து பிழியுங்கள். அதிக நேரம் விட்டால் சிவப்பு கெட்டுவிடும்.

இப்போது கையில் இருப்பது மங்கலான பழுப்புத் தண்ணீர். அதில் துணியைப் போட்டு, வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள் (நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள்). ஜப்பானில் வினிகருக்குப் பதில் புகையூட்டிய உமே என்ற புளிப்புப் பழம். லேசாகப் புளிப்பு ஏறியதும் பழுப்பு விலகி, கண் முன்னாலேயே சிவப்பு எழுந்துவரும், அந்த ஒரு நிமிடத்துக்காகவே இதைச் செய்யலாம். ஒரு மணி நேரம் கழித்து வினிகர் கலந்த தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். அடுப்புப் பக்கமே போகாதீர்கள், சூடு இந்தச் சாயத்துக்கு ஆகாது.

ஒரு தடவை நனைத்தால் இளஞ்சிவப்புதான் வரும். குரெனாய் வேண்டுமென்றால் புதுப் பூ எடுத்துத் திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். ஜப்பானின் ஹெயான் காலத்தில் (794–1185) அடர்சிவப்பு எல்லோரும் உடுத்த முடியாத நிறமாக இருந்தது, வெளிர் நிறத்துக்கு மட்டும் அனுமதி உண்டு. அந்த வெளிர் நிறத்தின் பெயர் இக்கொன்ஸொமே: ஒரு கின், அதாவது சுமார் 600 கிராம் பூவால் இரண்டு சுருள் பட்டு தோய்த்தது. பெயரிலேயே அளவு இருக்கிறது.