'எ' போட்டால் 'எஸ்' வேண்டாம்

ஆங்கிலத்தில் 'எ' அல்லது 'ஆன்' எழுதியதும், அடுத்து வரும் பெயர்ச்சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். அங்கே பன்மைக்கான 'எஸ்' நின்றால் இரண்டில் ஒன்றை அடித்துவிடுங்கள். 'எ' என்பதே 'ஒன்' என்ற எண்ணிலிருந்து தேய்ந்து வந்ததுதான், பன்மையோடு ஒட்டாது. நமக்குத்தான் 'ஒரு டைல்ஸ் உடைஞ்சிருச்சு' என்று பேசிப் பேசியே பழகிவிட்டது.

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டில் விருந்தினருக்கு அறை விடுகிறவர்கள் பலகை எழுதும்போது இது கைகொடுக்கும். ஒரே ஒரு கல் என்றால் 'ஆன் ஆத்தங்குடி டைல்'. தரை முழுக்க என்றால் வெறும் 'ஆத்தங்குடி டைல்ஸ்'. 'த' மட்டும் இரண்டோடும் போகும்.

'எ பஸ்', 'எ கிளாஸ்' இவற்றில் 'எஸ்' சொல்லோடு பிறந்தது, கை வைக்காதீர்கள். 'எ ஃப்யூ ரூம்ஸ்' என்பதும் சரிதான். 'மென்', 'சில்ட்ரன்' போன்றவை 'எஸ்' இல்லாமலே பன்மை என்பதால் இந்தச் சோதனையில் சிக்காது. ஃபர்னிச்சர், லக்கேஜ் இரண்டுக்கும் 'எ'யும் கிடையாது, 'எஸ்'ஸும் கிடையாது. பர்மாத் தேக்கு நாற்காலி ஒன்றைச் சொல்ல 'எ சேர்' என்றே எழுதிவிடலாம்.