கோடைக்கால ஜீனோமிக்ஸ் பயிற்சிக்குப் போகுமுன்: மல்லியும் பிச்சியும் வைத்து ஒரு குட்டி ஆய்வு

மதுரைப் பக்கக் கல்லூரிகளில் உயிரியல் படிப்பவர்கள், ஜீனோமிக்ஸ் (உயிரிகளின் டி.என்.ஏ. முழுவதையும் ஆராயும் துறை) போன்றவற்றில் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி என்றதும் புரோகிராமிங் தெரியாதே என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். சான்றிதழ்களை அடுக்குவதைவிட, சின்ன ஆய்வு ஒன்றைச் சொந்தமாகச் செய்து பார்ப்பதுதான் நல்ல தயாரிப்பு என்பேன்.

நம் கேள்வி இது: பிச்சி, பவழமல்லி இரண்டில் மல்லிக்கு நெருங்கிய சொந்தம் எது? மூன்றும் ஓலியேசி குடும்பம். மல்லியும் பிச்சியும் ஜாஸ்மினம் பேரினம், பவழமல்லி வேறு பேரினம். விடை தெரிந்த கேள்வியில் தொடங்கினால் நம் செய்முறை சரியா என்று சோதித்துவிடலாம்.

படி 1: டி.என்.ஏ. வரிசைகளைச் சேமித்து வைத்திருக்கும் அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. (NCBI) தளத்தில் நியூக்ளியோடைடு பிரிவைத் திறந்து, ஜாஸ்மினம் சம்பாக் (Jasminum sambac) என்ற மல்லியின் அறிவியல் பெயரோடு மேட்கே (matK) என்ற மரபணுவின் பெயரையும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். இது பசுங்கணிகத்தில் உள்ள மரபணு, தாவர டி.என்.ஏ. பார்கோடாக (இனத்தை அடையாளம் காட்டும் சிறு டி.என்.ஏ. பகுதியாக) 2009-இல் பரிந்துரைக்கப்பட்ட இரண்டில் ஒன்று. இதேபோல் பிச்சிக்கு ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம் (Jasminum grandiflorum), பவழமல்லிக்கு நிக்டாந்தஸ் ஆர்பர்-டிரிஸ்டிஸ் (Nyctanthes arbor-tristis) என்று தேடுங்கள்.

படி 2: மூன்றையும் ஃபாஸ்டா (FASTA) என்ற எளிய உரைக்கோப்பு வடிவில் இறக்குங்கள். முதல் வரி > குறியோடு தொடங்கும். அதிலுள்ள பதிவு எண்ணைக் குறித்துவையுங்கள். கீழே இருப்பதெல்லாம் ஏ, டி, ஜி, சி எழுத்துகள். நடுவே என் வந்தால், அந்த இடத்தில் எந்த எழுத்து என்று உறுதியாகவில்லை என்று பொருள்.

படி 3: உலாவியிலேயே நிரல் எழுதி இயக்க உதவும் கூகுள் கொலாபில் பைத்தான் நிரல்மொழியைத் திறந்து எழுத்துகளை எண்ணுங்கள். ஏ-யும் டி-யும் தூக்கலாக வரும்.

படி 4: இதில்தான் நிதானம் வேண்டும். என்.சி.பி.ஐ.யின் வரிசை ஒப்பீட்டுக் கருவியான பிளாஸ்ட் (BLAST) பக்கத்தில் இரண்டு வரிசைகளை ஒப்பிடும் பெட்டியை டிக் செய்து, மேலே மல்லி, கீழே பிச்சி. அப்புறம் பிச்சி இடத்தில் பவழமல்லி. மல்லியோடு எது கூடுதலாக ஒத்துப்போகிறதோ, அதுதான் நெருங்கிய சொந்தம். புதியவர்கள் ஒற்றுமைச் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எவ்வளவு நீளம் பொருந்தியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நாற்பது எழுத்தில் 100 சதவீதம் பெரிதல்ல. ஆயிரம் எழுத்தில் 95 சதவீதம் பெரிய சேதி. ஈ-மதிப்பு, இதே அளவு பொருத்தம் தற்செயலாக எத்தனை முறை வரக்கூடும் என்பதைச் சொல்லும். சுழியத்தை நெருங்க நெருங்க நம்பலாம். பிளஸ்/மைனஸ் என்று வந்தால் பதறாதீர்கள், ஒரு வரிசை எதிர் இழையாகப் பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

படி 5: பதிவு எண்கள், நீளம், வேறுபட்ட எழுத்துகள், உங்களுக்குப் புரியாத ஒரு விஷயம், எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்.

சரி, விண்ணப்பம். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்தின் அறிவிப்பு, வழக்கமாக முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வந்துவிடும். சித்திரைத் திருவிழா முடியட்டும் என்று இருந்தால் காலம் கடந்துவிடும். மதுரை காமராசர் பல்கலைக்கழக உயிரியல் துறைகள், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் கணக்கீட்டு உயிரியல் குழு போன்ற இடங்களில் உள்ள பேராசிரியர்களுக்கு நேரடியாகவும் எழுதிக் கேட்கலாம். யாருக்கு எழுதுகிறீர்களோ, அவரது ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு எழுதுங்கள். கொலாப் இணைப்பை மின்னஞ்சலில் சேர்த்து, அனுப்புமுன் நண்பர் ஒருவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்; பகிர்வு அனுமதி இல்லாவிட்டால் பேராசிரியரால் பார்க்க முடியாது.