பற்றரி செத்துப் போச்சா, பொறுங்கள்

வெள்ளவத்தையில் இருக்கும் சித்தியின் மகள் போன மாதம் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணா, பற்றரி செத்துப் போச்சு. ஒன்றரை மணித்தியாலம்கூட நிக்குதில்லை. கடையில மாத்தச் சொல்றாங்க." திறந்து பார்த்தேன். திரை வெளிச்சம் உச்சத்தில், குரோமில் நாற்பது டாப், பின்னால் ஒரு சூம் வகுப்பு. இவ்வளவு சுமையை ஏற்றினால் புதுப் பற்றரியே திணறும்.

எத்தனை மணித்தியாலம் நிற்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதான் பலரும் விடும் பிழை. பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை லப்டொப்பே கணக்கு வைத்திருக்கும். விண்டோஸில் கமாண்ட் ப்ரொம்ப்ட்டை (கட்டளை அடிக்கும் ஜன்னல்) திறந்து, powercfg /batteryreport என்று அடித்தால் ஒரு கோப்பு வரும். பிரவுசரில் திறக்கலாம். நீளமான அறிக்கைதான், ஆனால் டிசைன் கபாசிட்டி (புதிதில் பிடிக்க வேண்டிய அளவு), ஃபுல் சார்ஜ் கபாசிட்டி (இப்போது முழுதாக நிரப்பினால் பிடிக்கும் அளவு) என்ற இரண்டு எண்கள் போதும். அவளுடையதில் 45,000க்கு 41,000 இருந்தது. 91 சதவீதம்! மக்புக்கில் செட்டிங்ஸில் பற்றரிப் பகுதிக்குப் போனாலே நிலையைச் சொல்லிவிடும்.

என் கணக்கு இதுதான்: 80க்கு மேல் இருந்தால் தொடாதீர்கள். 60க்குக் கீழே போய், நீங்களும் வெளியே கொண்டு திரிபவர் என்றால் மாற்றுங்கள். எப்போதும் மேசையில் வயரோடு கிடக்கும் மெஷினுக்கு 50கூடப் போதும். கரண்ட் போனால் கோப்பைச் சேமிக்க நேரம் தந்தால் சரி. (2022இல் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புரிகிறது.)

30 சதவீதம் காட்டும்போதே திடீரென்று அணைகிறதா? அதுவும் உடனே தீர்ப்பு இல்லை. மீட்டர் பிழையாகக் காட்டலாம். ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்து, 5 வரை இறங்கவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். அப்புறமும் அணைந்தால் பற்றரி தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு இடத்தில் எண்ணே வேண்டாம். டச்பாட் மேலே எழும்பி, கிளிக் பண்ண இறுக்கமாக இருக்கும். மூடி சரியாகப் பொருந்தாது. மேசையில் வைத்தால் லப்டொப் ஆடும். இப்படி இருந்தால், உள்ளே வாயு சேர்ந்து பற்றரி வீங்கியிருக்கிறது. ரிப்போர்ட் 90 காட்டினாலும் அன்றைக்கே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்துங்கள். அமுக்காதீர்கள், குத்திக் காற்றை விடலாம் என்று நினைக்கவே வேண்டாம். தீப்பிடிக்கும்.

வீங்கவும் தேயவும் வைப்பதில் வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கொழும்புச் சூட்டில் மெத்தைமேல் வைத்து, நாள் முழுக்க 100இல் சார்ஜரோடு விடுவது அதற்கு நல்ல உபசாரம். பல லப்டொப்களில் 80இல் நிறுத்தும் வசதி இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், பம்பலப்பிட்டியோ புறக்கோட்டையோ, விலையை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பழைய பற்றரியில் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைப் பொருத்திப் பாருங்கள். பூட்டியதும் கடையிலேயே அதே ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள்ளேயே வருடக்கணக்கில் கிடந்த பற்றரியும் தேயும். இரண்டு எண்களும் தூரமாக இருந்தால் காசு கொடுக்கும் முன் கேளுங்கள். கழற்றியதை வீட்டுக் குப்பையில் போடாமல், அங்கேயே எடுத்துக்கொள்வார்களா என்றும் விசாரியுங்கள்.

சித்தியின் மகள் இன்னும் டாப்களை மூடவில்லை. சார்ஜரைக் கையோடு கொண்டு திரிகிறாள்.