முதன்முறை ஒலிக்குளியலுக்குச் செல்பவர்களுக்கு ஒரு படிப்படியான விளக்கம்

சவுண்ட் பாத் என்பதை ஒலிக்குளியல் என்று தமிழில் சொன்னதும், மாற்றுடையும் துண்டும் எடுத்து வர வேண்டுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. தண்ணீருக்கு இங்கே வேலையே இல்லை. தரையில் படுத்திருக்கும் உங்களைச் சுற்றி வெண்கலக் கிண்ணங்கள், ஸ்படிகக் கிண்ணங்கள், காங் எனப்படும் பெரிய உலோகத் தட்டு ஆகியவற்றை ஒருவர் மாறி மாறி இசைக்க, நீங்கள் கேட்டுக்கொண்டு கிடப்பதே இந்தத் தியானம். பெரும்பாலும் முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை நடக்கும். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இசைக்கருவிகளை உருவாக்கும் ஸ்வரம் போன்ற இடங்களில் இதை அனுபவிக்கலாம்.

படி 1: வீட்டில் ஒரு சிறிய ஒத்திகை

பூஜை மணியை ஒருமுறை மட்டும் அடித்துவிட்டுக் கண்களை மூடிக்கொள்ளுங்கள். ஒலி முற்றிலும் அடங்கிவிட்டது என்று தோன்றும் கணத்தில் விரலை உயர்த்துங்கள். இரண்டாம் முறை அதே மணியை அடித்தால், முன்பு அடங்கிவிட்டதாக நினைத்த இடத்தைத் தாண்டியும் ஒரு மெல்லிய இழை நீள்வதைக் கண்டுகொள்வீர்கள். ஒலிக்குளியலில் உங்களிடம் எதிர்பார்க்கப்படும் திறமை இவ்வளவுதான்.

படி 2: கிளம்பும் முன்

வயிறு நிறையச் சாப்பிட்டால் மல்லாந்து படுப்பது சிரமம் என்பதால் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுச் செல்லுங்கள். தளர்வான பருத்தி உடையும், ஒரு போர்வையும் போதும். அசையாமல் கிடக்கும் உடல் சீக்கிரமே குளிர்ந்துவிடும் என்பதால், ஏசி அறையில் போர்வையை மறந்தவர் பாதி நேரத்தைக் காலைச் சுருட்டிக்கொள்வதிலேயே கழிப்பார்.

ஒலியால் தூண்டப்படும் வலிப்பு, பேஸ்மேக்கர், ஓயாத காதிரைச்சல் ஆகியவற்றுள் எது இருந்தாலும், அல்லது நீங்கள் கர்ப்பமாக இருந்தாலும், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு ஒலிக்குளியலை நடத்துபவரிடமும் சொல்லுங்கள். சிலர் கிண்ணத்தை மார்பின் மீதோ வயிற்றின் மீதோ வைத்து இசைப்பார்கள் என்பதால், வேண்டாம் என்றால் அதையும் முன்பே சொல்லிவிடலாம்.

படி 3: இடம் பிடித்தல்

காங்கிலிருந்து தள்ளிப் படுங்கள். மெதுவாகத் தொடங்கி அடுக்கடுக்காக உயரும் அதன் ஒலி, பக்கத்தில் இருப்பவருக்கு வெண்கலக் கடையில் யானை புகுந்ததைப் போல ஆகிவிடும். மூன்று நான்கு மீட்டர் தள்ளியிருந்தால், அதே ஒலி அலையாக வந்து மோதுவது மட்டுமே தெரியும். சவாசனத்தில் படுத்து முழங்காலின் கீழ் ஒரு தலையணையை வையுங்கள். முதுகு வலி உள்ளவர்கள் ஒருக்களித்துப் படுக்கலாம், நாற்காலியிலும் அமரலாம்.

படி 4: ஒலி தொடங்கும்போது

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். கிண்ணத்தின் விளிம்பை மரக்கட்டையால் அழுத்தித் தேய்க்கும்போது, கட்டை ஒட்டுவதும் வழுக்குவதுமாக மாறி மாறி நகர்ந்து, வயலினில் வில் செய்வதைப் போல விளிம்பை அதிரச் செய்கிறது. கையால் தட்டிச் செய்த கிண்ணம் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை. அதனால் மிக நெருங்கிய இரண்டு சுருதிகள் ஒரே கிண்ணத்தில் எழுகின்றன. ஒன்று 200 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 200 அதிர்வுகள்), மற்றொன்று 203 ஹெர்ட்ஸ் என்றால், நொடிக்கு மூன்று முறை ஒலி ஏறி இறங்கும். ‘வவ்... வவ்...’ என்று துடிப்பதாகக் கேட்பது இதுதான். என் முதல் அமர்வில் இந்தத் துடிப்பு விலா எலும்புகளுக்குள் நடப்பதாகத் தோன்றி, கண்ணைத் திறந்து பார்த்தேன். கிண்ணம் அறையின் மறு மூலையில் இருந்தது.

படி 5: நடுவில் நீங்கள் செய்ய வேண்டியது

ஓர் ஒலியைப் பிடித்து, அது மறையும் வரை கூடவே செல்லுங்கள், பிறகு அடுத்ததற்கு வாருங்கள். வீட்டு வாடகையும் அலுவலக வேலையும் நினைவுக்கு வரத்தான் செய்யும். அப்போது கேட்கும் ஒலிக்குத் திரும்பினால் போதும். யாராவது குறட்டை விடுவார், அது நீங்களாகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் கண்ணீர் வருவதும் சிலருக்கு உண்டு. ஆனால் ஒலி தாங்க முடியாததாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம்; காதைப் பொத்துங்கள், அல்லது எழுந்து வெளியே செல்லுங்கள்.

இந்தக் கிண்ணம் உடலில் இந்தச் சக்கரத்தை, அதாவது யோக மரபு சொல்லும் ஆற்றல் மையத்தைத் திறக்கும், இந்தச் சுருதி இந்த நோயைத் தீர்க்கும் என்று சொல்வோரும் உண்டு. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் 62 பேரிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், அமர்வுக்குப் பின் மன இறுக்கமும் சோர்வும் குறைந்ததாகப் பங்கேற்றோர் தெரிவித்தனர். ஆனால் வெறுமனே ஓய்வெடுத்த இன்னொரு குழுவுடன் அது ஒப்பிடப்படவில்லை. எனவே நல்ல ஓய்வை எதிர்பார்த்துச் செல்லுங்கள், மருந்தை நிறுத்திவிட்டுச் செல்லாதீர்கள்.

படி 6: எழுந்திருத்தல்

கடைசி ஒலிக்குப் பின் சில நிமிடங்கள் அமைதியாக விடப்படும். விரல்களை அசைத்து, வலப்பக்கம் திரும்பி, கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் அங்கேயே அமர்ந்திருந்த பிறகு வண்டிச் சாவியை எடுங்கள்.