சம்பளப் பட்டியலை வைத்து பேஸ்பால் அணியை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 சீசன் தொடங்கியபோது நியூயார்க் மெட்ஸ் அணியின் வீரர் சம்பளம் சுமார் 35 கோடி டாலர். ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் அணிக்குச் சுமார் 6 கோடி. சீசன் முடிவில் ஓக்லாந்து 112 ஆட்டங்களில் தோற்றிருந்தது. மெட்ஸ் 87 ஆட்டங்களில் தோற்று, சீசனுக்குப் பின் நடக்கும் பிளேஆஃப் சுற்றின் பக்கமே போகவில்லை. இந்த ஒரே வருடத்தைக் காட்டி ‘பணம்தான் எல்லாம்’ என்றும் வாதாடலாம், ‘பணத்தால் ஒன்றும் ஆகாது’ என்றும் வாதாடலாம். இரண்டையும் எழுதுகிறார்கள். இரண்டும் தவறு. மேஜர் லீக் பேஸ்பாலில் பணத்தின் பலம் தெரிவது, போட்ட கணக்கு பொய்த்துப்போகும் நாளில். அந்த அடியை எந்த அணி தாங்கிக்கொண்டு அடுத்த வீரரைத் தேடுகிறது, எந்த அணி அதே வீரரை வருடக்கணக்கில் சுமக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ரோஸ்டர் (அணியின் வீரர் பட்டியல்) விதிகள் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தத் தொகை என்று கேட்காமல் ஒப்பிடுவது

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. 2025 மெகா ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா செலவழிக்க முடியாது. மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படி ஓர் உச்சவரம்பு கிடையாது. இவ்வளவாவது செலவழி என்ற குறைந்தபட்ச வரம்பும் கிடையாது. ஒரு வரம்பைத் தாண்டினால் கட்ட வேண்டிய ‘சொகுசு வரி’ மட்டும் உண்டு.

ஒரே அணிக்கு மூன்று விதமான சம்பளத் தொகைகள் புழங்குகின்றன. சீசன் தொடக்க நாளில் உள்ள சம்பளம் ஒன்று. சீசன் முடிவில் கூட்டிப் பார்த்த தொகை இன்னொன்று. வரிக்கான தொகை மூன்றாவது. இந்த மூன்றாவதில் ஒரு வீரரின் அந்த வருடச் சம்பளம் சேராது, ஒப்பந்தத்தின் வருடாந்திரச் சராசரிதான் சேரும். ஐந்து வருடத்துக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 1, 1.5, 2, 2.5, 3 கோடி என்று ஏறிக்கொண்டே போனாலும், வரிக் கணக்கில் ஒவ்வொரு வருடமும் 2 கோடிதான். கூடவே 40 பேர் ரோஸ்டர் முழுவதும், வீரர் நலச் செலவில் அணியின் பங்கு, இளம் வீரர்களுக்கான 5 கோடி டாலர் போனஸ் நிதியில் முப்பதில் ஒரு பங்கு, எல்லாம் சேரும். ஒரு அணிக்குத் தொடக்க நாள் சம்பளத்தையும் எதிரணிக்கு வரித் தொகையையும் எடுத்து ஒப்பிட்டால் சில கோடி டாலர் வித்தியாசம் தானாகவே முளைத்துவிடும்.

வரி விகிதத்தை மொத்தத் தொகைமீது பெருக்குவது இன்னொரு பிழை. வருமான வரி போலவே இதுவும் படிப்படியாக ஏறும். 2025 வரம்பு 24.1 கோடி டாலர். ஒரு அணியின் வரித் தொகை 32.1 கோடி என்று வைத்துக்கொள்வோம். 8 கோடி அதிகம். தொடர்ந்து மூன்றாவது வருடமாக வரம்பைத் தாண்டும் அணி முதல் 2 கோடிக்கு 50 சதவீதம், அடுத்த 2 கோடிக்கு 62, அதற்கடுத்த 2 கோடிக்கு 95, அதன் பிறகு 110 சதவீதம் கட்ட வேண்டும். 1 கோடி, 1.24 கோடி, 1.9 கோடி, 2.2 கோடி: மொத்தம் 6.34 கோடி. முதல் தடவையாகத் தாண்டும் அணிக்கு விகிதங்கள் 20, 32, 62.5, 80. அதே 8 கோடி மீறலுக்கு அது கட்டுவது 3.89 கோடி. ஒரே ஒரு வருடம் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் விகிதம் மறுபடி முதல் படிக்கு வந்துவிடும். ஆகஸ்டில் ஓர் அணி திடீரென்று சம்பளத்தைக் குறைப்பதைப் பார்த்து ‘கைவிட்டுவிட்டார்கள்’ என்று எழுதுமுன் இந்தப் படிகளைப் பாருங்கள். வரம்பை 4 கோடிக்கு மேல் மீறினால் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் தேர்வு பத்து இடம் பின்னுக்குப் போகும் என்பதும் கணக்கில் வரும். இந்த விகிதங்கள் எல்லாம் 2026 டிசம்பர் 1 அன்று முடியும் தொழிலாளர் ஒப்பந்தத்தைச் சேர்ந்தவை. 2027க்கு இவற்றையே போட்டு அட்டவணை தயாரிப்பது வீண்வேலை.

ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி விஷயத்தில் தவறு இன்னும் பரவலானது. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியுடன் அவர் போட்ட ஒப்பந்தம் 10 வருடம், 70 கோடி டாலர். வருடம் 20 லட்சம் மட்டும் கையில் வாங்கிக்கொண்டு, மீதி 6.8 கோடியை 2034 முதல் 2043 வரைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். ‘20 லட்சத்துக்கு ஓட்டானி, வரியையும் ஏமாற்றிவிட்டார்கள்’ என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வரிக் கணக்கில் அவர் 20 லட்சமும் இல்லை, 7 கோடியும் இல்லை. தள்ளிவைத்த பணத்தின் இன்றைய மதிப்பைக் கணக்கிட்டு, வருடம் சுமார் 4.6 கோடி என்று பதிகிறார்கள். அந்த இன்றைய மதிப்புக்கு ஈடான பணத்தை அணி குறித்த காலத்துக்குள் ஒதுக்கி வைக்கவும் வேண்டும். இந்த வழி 30 அணிகளுக்கும் திறந்தே இருக்கிறது. அதைத் தாங்கும் வருமானம்தான் எல்லோரிடமும் இல்லை. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ மெட்ஸுடன் போட்ட 15 வருட, 76.5 கோடி ஒப்பந்தத்தில் ஒரு டாலர்கூடத் தள்ளிவைக்கப்படவில்லை. அதனால் இரண்டையும் வெறும் மொத்தத் தொகையால் ஒப்பிடக்கூடாது.

வெற்றிக்கும் பணத்துக்கும் கோடு போடும்போது

எக்செல்லில் ஒரு பக்கம் சம்பளம், மறுபக்கம் வெற்றிகள், நடுவே ஒரு கோடு. சீசன் முடிவுத் தொகையை எடுத்தால் இந்தக் கோடு நம்மை ஏமாற்றும். ஜூலை மாத ட்ரேட் (வீரர் பரிமாற்றம்) சந்தையில் ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி விலை உயர்ந்த வீரர்களை வாங்குகிறது, தோற்றுக்கொண்டிருக்கும் அணி விற்கிறது. அதனால் வெற்றியே சம்பளத்தைக் கூட்டுகிறது. நாம் அதைத் தலைகீழாகப் படிக்கிறோம். தொடக்க நாள் தொகையை எடுங்கள். அதை அந்த வருட லீக் சராசரியால் வகுங்கள், 2002ஐயும் 2025ஐயும் டாலரில் ஒப்பிட முடியாது. ஐந்து வருடமாவது சேர்த்துப் பாருங்கள்.

ஒரு வருடம் எதை வேண்டுமானாலும் சொல்லும். 2002இல் ஓக்லாந்தும் நியூயார்க் யாங்கீஸும் ஆளுக்கு 103 ஆட்டங்கள் ஜெயித்தன. யாங்கீஸின் சம்பளம் ஓக்லாந்தைப் போல மூன்று மடங்கு. 2023இல் 84 ஆட்டங்கள் மட்டுமே ஜெயித்த அரிசோனா உலகத் தொடர் வரை போனது. பிளேஆஃபில் மூன்று, ஐந்து, ஏழு ஆட்டத் தொடர்கள்தான். அங்கே ஒரு பிட்சரின் (பந்து வீசுபவரின்) கை ஒரு வாரம் ஓடினால் போதும். பணத்தின் வேலை 162 ஆட்டங்களிலும், வருடா வருடம் தவறாமல் வருவதிலும் தெரிகிறது. டாட்ஜர்ஸ் 2013 முதல் 2025 வரை ஒரு வருடம்கூட பிளேஆஃபைத் தவறவிடவில்லை. குறைந்த சம்பளத்துக்குப் பேர்போன டாம்பா பே ரேஸ் 2019 முதல் 2023 வரை ஐந்து வருடம் தொடர்ந்து வந்தது. அது அபாரமான சாதனை. ஆனால் அந்தக் காலத்தில்தான் பிளேக் ஸ்னெல்லை 2020 டிசம்பரில் சான் டியேகோவுக்கு அனுப்ப வேண்டி வந்தது, டைலர் கிளாஸ்னோவை 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸுக்குக் கொடுக்க வேண்டி வந்தது. ரேஸின் புத்திசாலித்தனத்தைப் பாராட்டுபவர்கள் இந்த விலையையும் சேர்த்து எழுத வேண்டும்.

‘வேண்டாம் என்றால் கழற்றிவிட வேண்டியதுதானே?’

அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி இது. அங்கே ஒப்பந்தத்தின் பெரும்பகுதிக்கு உத்தரவாதம் இல்லாமல் இருக்கலாம். பேஸ்பாலில் இத்தகைய பெரிய ஒப்பந்தங்கள் உத்தரவாதம் உள்ளவை. வீரரை விடுவித்தாலும் மீதிச் சம்பளம் பழைய அணியின் தலையில்தான். புதிதாக எடுக்கும் அணி குறைந்தபட்சச் சம்பளம் மட்டும் கொடுத்தால் போதும், அந்தச் சிறு தொகை மட்டும் பழைய அணிக்குக் கழியும். 2025இல் அந்தக் குறைந்தபட்சம் முழு வருடத்துக்கு 7,60,000 டாலர்.

ஆல்பர்ட் புஹோல்ஸ் 2011 டிசம்பரில் 31 வயதில் ஏஞ்சல்ஸ் அணியுடன் 10 வருடம், 24 கோடிக்குக் கையெழுத்திட்டார். கடைசி வருடமான 2021 மே மாதத்தில் அவரை விடுவித்தபோது அந்த வருடத்தின் 3 கோடியில் ஏறக்குறைய எல்லாமே ஏஞ்சல்ஸ் செலவு. சேர்த்துக்கொண்ட டாட்ஜர்ஸுக்கு அவர் கிட்டத்தட்ட இலவசம். பால்டிமோரின் கிறிஸ் டேவிஸ் கதை இன்னும் வேதனையானது: 2016இல் 7 வருடம், 16.1 கோடி, 2018இல் பேட்டிங் சராசரி .168 (நூறு முயற்சிக்குச் சுமார் 17 ஹிட்), அந்த செப்டம்பரிலிருந்து 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 முயற்சிகளில் ஒரு ஹிட்கூட இல்லை. ஆனாலும் அவர் அணியில் நீடித்தார். இப்படி ஒரு ஒப்பந்தம் பெரிய அணியின் செலவில் ஒரு வரி. சிறிய அணிக்கு அது மற்ற எல்லா முடிவுகளையும் பிடித்து இழுக்கும் பாறாங்கல். ஆக, ‘எவ்வளவு செலவழிக்கிறார்கள்’ என்பதோடு ‘ஆடாதவர்களுக்கு எவ்வளவு போகிறது’ என்று தனிக் கணக்குப் போட்டால்தான் ஓர் அணியின் உண்மையான கை நீளம் தெரியும்.

26 பேரை மட்டும் எண்ணுவது

ஆட்டத்தில் இறங்கக்கூடியவர்கள் 26 பேர், அதில் பிட்சர்கள் அதிகபட்சம் 13. ரசிகர்கள் இதோடு நின்றுவிடுகிறார்கள். அணி நிர்வாகத்தின் தலைவலி 40 பேர் பட்டியலில் இருக்கிறது. கீழ்நிலையான மைனர் லீகிலிருந்து ஒருவரை மேலே கொண்டுவர, அவர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரையாவது நீக்கி இடம் பண்ண வேண்டும். 10 நாள், 15 நாள் காயப் பட்டியலில் இருப்பவர் 40இல் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார். 60 நாள் காயப் பட்டியலுக்குப் போனால்தான் அந்த இடம் காலியாகும். உலகத் தொடர் முடிந்ததும் 60 நாள் பட்டியலே கலைந்து, காயம்பட்ட எல்லோரும் 40க்குள் திரும்பி வருவார்கள். நவம்பரில் நல்ல வீரர்கள்கூடத் திடீரென்று நீக்கப்படுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அவர்கள் மோசமாக ஆடினார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

அதே நவம்பர் நடுவில் ‘ரூல் 5’ கெடு வருகிறது. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவர் ஐந்து சீசன் கழித்தும், 19இலோ அதற்குப் பிறகோ ஒப்பந்தமானவர் நான்கு சீசன் கழித்தும் 40இல் சேர்க்கப்படாவிட்டால், வேறொரு அணி 1,00,000 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அடுத்த சீசன் முழுவதும் அவரை 26 பேரில் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் பழைய அணிக்கு 50,000 டாலருக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். ஜெயிக்கத் துடிக்கும் அணிக்கு அந்த ஒரு இடத்தை இழப்பது கடினம். மறுகட்டமைப்பில் இருக்கும் ஏழை அணிக்கு அது மலிவான வாய்ப்பு. வசதி குறைந்த அணிக்குச் சாதகமாக இருக்கும் மிகச் சில விதிகளில் இது ஒன்று.

‘ஆப்ஷன்’ கணக்கிலும் கவனம் வேண்டும். 40இல் உள்ள ஒருவரை மூன்று சீசன்களில் தடையின்றி மைனர் லீகுக்கு அனுப்பலாம். ஒரு சீசனில் மொத்தம் 20 நாளுக்குக் குறைவாக அங்கே இருந்தால் அந்த வருட ஆப்ஷன் செலவாகாது. ஒரே சீசனில் ஐந்து தடவைக்கு மேல் அனுப்ப முடியாது. அனுப்பிய பேட்ஸ்மேனை 10 நாளும், பிட்சரை 15 நாளும் பொதுவாகத் திரும்ப அழைக்க முடியாது. காயம்பட்டவருக்கு மாற்றாக அழைத்தால் விலக்கு உண்டு. ஆப்ஷன் தீர்ந்தவரை இறக்க வேண்டுமென்றால் வேய்வரில், அதாவது மற்ற அணிகளுக்கு முதலில் காட்டும் முறையில், அவை எல்லாம் வேண்டாம் என்று விட வேண்டும். ஐந்து வருட சர்வீஸ் (மேஜர் லீகில் இருந்த காலம்) உள்ளவர் கீழே போக மறுத்துவிட்டுப் போனாலும் மீதிச் சம்பளம் அவருக்கு உண்டு. மூன்று முதல் ஐந்து வருடம் உள்ளவர் மறுத்தால் அந்தப் பணத்தை இழப்பார். ஏப்ரலில் ஒரு சுமாரான ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வீச வருபவர்) அணியில் இருக்க, அவரைவிட நன்றாக வீசிய இளைஞர் கீழே அனுப்பப்படுவதற்கு விடை பெரும்பாலும் இந்தப் பத்தியில் இருக்கும். திறமையை ஒப்பிடுமுன் இருவரின் மீதி ஆப்ஷன்களை எண்ணுங்கள்.

நாட்களை எண்ணாமல் விடுவது

172 நாள் மேஜர் லீக் ரோஸ்டரில் இருந்தால் ஒரு சர்வீஸ் வருடம். சீசனோ சுமார் 187 நாள். ஆறு சர்வீஸ் வருடம் முடிந்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணியுடனும் பேரம் பேசக்கூடியவர், ஆக முடியும். அதனால் ஒரு இளம் நட்சத்திரத்தை முதல் இரண்டு, மூன்று வாரம் கீழே நிறுத்தினால் ஒரு முழு வருடம் கூடுதலாகக் கிடைக்கும். கிறிஸ் பிரையன்ட்டை சிகாகோ கப்ஸ் 2015 ஏப்ரல் 17 அன்று மேலே கொண்டுவந்தது. அந்த வருடம் அவருக்குக் கிடைத்தது 171 நாள். ஒரு நாள் குறைவு. அவர் தொடுத்த முறையீடு 2020இல் தோற்றது, சுதந்திரம் ஒரு வருடம் தள்ளிப்போனது. விதிக்குள் நடந்ததுதான், ஆனாலும் நியாயமானது என்று யாராலும் சொல்ல முடியாது.

2022 தொழிலாளர் ஒப்பந்தம் இதைக் கொஞ்சம் மாற்றியது. தகுதியுள்ள இளம் வீரர் சிறந்த புதுமுக வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால், எப்போது மேலே வந்தாலும் முழு வருடம் எழுதப்படும். 2024இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பால் ஸ்கீன்ஸை மே 11 அன்று இறக்கியது. அவர் விருதை வென்றார், முழு வருடமும் பெற்றார். தொடக்கத்திலேயே இறக்கியிருந்தால் அணிக்குக் கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் டிராஃப்ட் தேர்வு கிடைக்கவில்லை. ‘இன்னும் தயாராகவில்லை’ என்ற அறிக்கையை அப்படியே நம்புவதும், ஒவ்வொரு தாமதத்தையும் தந்திரம் என்று குற்றம் சாட்டுவதும், இரண்டும் இப்போது பழைய பழக்கங்கள்.

ட்ரேட் நடந்த வாரத்திலேயே தீர்ப்பு எழுதுவது

2022 ஆகஸ்டில் பிரிவில் முதலிடத்தில் இருந்த மில்வாக்கி ப்ரூவர்ஸ் தன் க்ளோசர் (ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர்) ஜாஷ் ஹேடரை சான் டியேகோவுக்குக் கொடுத்தது. வந்தவர்களில் டினெல்சன் லாமெட்டைச் சில நாட்களிலேயே பட்டியலிலிருந்து நீக்கியது. 86 வெற்றியோடு, ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் பிளேஆஃபைத் தவறவிட்டது. உடைமாற்றும் அறையின் மனநிலையைக் கெடுத்துவிட்டார்கள் என்ற கோபம் நியாயமானது. அந்த விலை எந்த அட்டவணையிலும் ஏறாது. ஆனால் அதே ட்ரேடில் வந்த எஸ்டெரி ரூயிஸைக் கொடுத்துத்தான் அந்த டிசம்பரில் மூன்று அணி ட்ரேட் ஒன்றில் வில்லியம் கான்ட்ரெராஸ் என்ற கேட்சரையும் ஜோயல் பயாம்ப்ஸ் என்ற ரிலீஃப் பிட்சரையும் மில்வாக்கி பெற்றது. 2024 டிசம்பரில் மறுபடி ஒரு க்ளோசரை, டெவின் வில்லியம்ஸை, யாங்கீஸுக்கு அனுப்பியது. பதிலுக்கு வந்தவர்களில் ஒருவரான கேலப் டர்பின் அடுத்த வருடம் மூன்றாம் பேஸில் ஆட, மில்வாக்கி 97 ஆட்டங்கள் ஜெயித்து லீகிலேயே முதலிடம் பிடித்தது. பிறகு டாட்ஜர்ஸிடம் நான்கு ஆட்டத்தில் நான்கையும் தோற்றது.